கவுனி, சோக்சி, வியாட்டு

என் மகள் சோற்றைத் தமிழில் கேட்பாள், கார்ட்டூனை ஆங்கிலத்தில் பார்ப்பாள், உடுப்பை மட்டும் சுவாஹிலியில் போட்டுக்கொள்வாள். மூன்று வயதில் தொடங்கிய கூத்து இது. நாங்கள் அப்போது ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் குடியிருந்தோம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் துபாயில் வேலை. ரோடு அடைத்துக்கொள்வதற்குள் தாண்டிவிட வேண்டுமென்று ஆறு மணிக்கே கிளம்பிவிடுவோம். தூங்குகிற பிள்ளையை அள்ளி எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன்.

எதிர்வீட்டுப் பெண்மணி சுவாஹிலி பேசும் மொம்பாசாக்காரர். அவருடைய கணவர் இங்கே பழைய கார்களை வாங்கிக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறவர். அந்தப் பெண்மணிக்கு நாற்பதைத் தாண்டிய வயது, வாய் நிறையச் சிரிப்பு. அரைகுறை இந்தியும் அரைகுறை ஆங்கிலமும்தான் எங்கள் பேச்சு. நான் அக்கா என்றேன், அவரும் அதையே தன் பெயராக ஏற்றுக்கொண்டார். என் மகளுக்கு மட்டும் அவர் ஷங்காசி. அவர்கள் மொழியில் அத்தை என்று அர்த்தம், அதுவும் அப்பாவோடு பிறந்தவள்தான். திருச்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்த விஷயம் தெரிந்ததும் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடுவதெல்லாம் அக்காதான். லீவு நாளிலும் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் உடுத்திக்கொண்டு வருவாள். சாயங்காலம் நான் போனால் என் மகள் கவுனைக் காட்டி கவுனி என்பாள், சாக்ஸைக் காட்டி சோக்சி என்பாள். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒரு இகரத்தை ஒட்டிவிட்டால் சுவாஹிலி ரெடி என்று நான் கேலி செய்வேன். ஷூ வியாட்டு, பட்டன் கிஃபுங்கோ என்று வந்தபோதுதான் என் கேலி அடங்கியது. அதெல்லாம் இரண்டு பேருடைய சமாச்சாரம், எனக்கு அங்கே இடமில்லை என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு எல்லாருடைய வயிற்றிலும் அடித்த அந்த மந்தமான காலம் வந்தது. கார் வியாபாரம் படுத்துவிட்டது. அக்காவும் கணவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். நான் மேனேஜரிடம் கெஞ்சி, தாமதமாக வர அனுமதி வாங்கினேன். பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டை போட்டுவிட எனக்குத் தெரியாதா என்று ஒரு தெம்பு.

தெரியவில்லை. முதல் நாள் யூனிஃபார்ம் சட்டையில் அவள் கையை நுழைத்ததுமே வீலென்று கத்தினாள். பாதி போட்ட சட்டையைப் பிய்த்து எறிந்தாள். மறுபடி போட்டேன், மறுபடி எறிந்தாள். கீழே பள்ளி பஸ் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து, அழுது வீங்கிய முகமும் கசங்கிய சட்டையுமாக டாக்ஸியில் கொண்டுபோய் விட்டேன். மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும்.

"ஒரு சட்டையப் போட்டுவிடுறதுல அப்படி என்ன இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போட்டுவிடுங்க, பாப்போம்."

உள்ளே போனவர் சிறிது நேரத்தில் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். கன்னத்தில் நகக்கீறல். ஷூவைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடிக்கவும் செய்தேன், சாக்லேட் கொடுத்தும் பார்த்தேன். ஒருநாள் அவளே அழுகையை நிறுத்திவிட்டு, பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "உனக்குத் தெரியாதும்மா. நீ போ. ஷங்காசி வரட்டும்."

நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேறென்ன செய்ய முடியும்? ஷங்காசியை நான் எங்கே போய்க் கூட்டி வருவேன்?

கார்டு வாங்கி மொம்பாசாவுக்கு ஃபோன் போட்டேன். அக்கா முதலில் சிரித்தார், பிறகு அவரும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தான் சொல்லிப் போட்டுவிடும் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கை என்றால் ம்கோனோ. சட்டை ஷாட்டி. நான் அதையெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போகும் அளவுக்கு உருப்போட்டேன். மறுநாள் காலை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மகள் ஆச்சரியமாக என் வாயையே பார்த்தாள். சட்டைக்குள் கையை நுழைத்தேன். வீலென்று கத்தினாள். இனி என்னால் ஆகாது என்று அப்போது கைவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை லீவில் அவள் கார்ப்பெட்டில் உட்கார்ந்து பொம்மைக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். நான் காபி டம்ளரோடு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மையின் வலது கையை முதலில் எடுத்தாள். ம்கோனோ வா குலியா என்றாள். பிறகுதான் இடது கை. பிடிக்காமல் கழற்றினாள், இப்போது இடது கை முதலில் வெளியே வந்தது. வேறொரு கவுனைப் போட்டாள். மறுபடியும் வலது கைதான் முதலில்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா முஸ்லிம். போடும்போது வலது முதலில், கழற்றும்போது இடது முதலில் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கையில் படிந்த பழக்கம். அதைச் சொல்லித்தர வேண்டுமென்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. நானோ பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, என் வலது கைக்கு வாகாக இருந்த அவளுடைய இடது கையைத்தான் தினமும் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வலது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவளைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டதில் அன்றைக்கும் பஸ் போய்விட்டது. அதன்பிறகு சில மாதங்கள் தினமும் காலையில் நானும் அவளும் சுவாஹிலி பேசினோம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எந்த மொழியையும் பேசியதில்லை.

ஒருநாள் அவள் சாக்ஸ் என்றாள். அடுத்த வாரம் ஷூஸ். அப்புறம், ஐ வில் டூ இட், மம்மி. பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. நான் ம்கோனோ என்றால் கேலியாகச் சிரித்தாள். என்னால் அதையும் தடுக்க முடியவில்லை.

அக்கா மட்டும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு அவளிடம் பேசுவார். அப்படிக் கூப்பிட்ட ஒருநாள் ஃபோனை அவள் காதில் வைத்தேன். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. உமேவா நினி லேயோ? இன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறாய் என்கிறார். என் மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "யாரும்மா இது? என்னமோ பேசுறாங்க" என்று ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் அக்கா ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். அவளுக்கு மறந்துவிட்டது என்று சொல்ல என்னிடம் சுவாஹிலி இல்லை, ஆங்கிலத்தில் சொல்ல மனசும் இல்லை. குரலை அவளைப் போலவே சிறிதாக்கிக்கொண்டு சொன்னேன்: "நிமேவா கவுனி, ஷங்காசி." கவுன் போட்டிருக்கிறேன், அத்தை.

என் குரல் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"கெயூகா, நிகுவோனே," என்றார் அக்கா. திரும்பு, பார்க்கிறேன்.

நைட்டியோடு நின்ற நான், ஃபோனைக் காதில் வைத்தபடியே, ஹாலில் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினேன்.