வளையத்தில் சிக்கிய மட்டை

இந்தத் தொண்ணூறுகளில் புதிதாக வந்திருக்கும் ஃபைபர் ஹாக்கி மட்டை என் பேத்தியுடையது. கோபாலபுரம் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் நடுவர் அதை இரும்பு வளையத்துக்குள் நுழைத்துப் பார்த்தார். வளையத்தில் சிக்கும் மட்டை செல்லாது. விதி எனக்கு மனப்பாடம். புது மட்டையின் பசை நெடியில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

விரிசல் விட்ட என் ஒரே மரமட்டையை அப்பா வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, சணல் சுற்றினார். விதி தெரியாததால் தாராளமாகவே சுற்றினார். ஆட்டத்தன்று அது வளையத்தில் பாதியில் நின்றது.

"இன்னா நைனா, மட்டைக்கு மாவுக்கட்டா? இது போவாதுபா," என்றார் அன்றைய நடுவர்.

அப்பா அங்கேயே உட்கார்ந்து பல்லால் சணலைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க விரிசல் தெரிந்தது. மட்டை நுழைந்தது. ஆட்டம் முழுக்கப் பந்து என் பக்கம் வரக்கூடாது என்றே வேண்டிக்கொண்டேன்.

"இது உடையவே உடையாது தாத்தா!" என்று கத்திவிட்டு, பேத்தி மட்டையை ஓங்குகிறாள்.

நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.