சந்தனம் பூசிய போல்ட்டும் சுகர் லேண்டுக்கு 268 மைலும்

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை ரிச்சர்ட்சனிலிருந்து ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பினேன். போக 268 மைல், வர 268 மைல். பெட்ரோல் முப்பத்திரண்டு டாலர் பத்து சென்ட். போன காரியம், கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும் ஓர் எஃகுத் துண்டு. பழைய ஸ்வீடன் ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இரண்டு பேர் இப்படியொரு பயணத்துக்கு விவரம் கேட்டு எழுதியிருந்தார்கள். விவரம் எல்லாம் தருகிறேன். நடுவில் நான் புலம்பும் இடங்களைத் தாண்டிப் படிக்கலாம். என் மனைவி ராஜி பதினெட்டு வருஷமாக அப்படித்தான் என்னைக் கேட்கிறாள்.

மார்ச்சில் என் வேலை போயிற்று. டெலிகாம்காரர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து அலமாரியில் இருந்த துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். "அதுக்குப் போடற எண்ணெயில நாலு அப்பளம் பொரிச்சிருக்கலாம். உருப்படியா ஏதாவது பண்ணுங்க" என்றாள் ராஜி. உருப்படியாகச் செய்ய ஒரே ஒரு காரியம்தான் மூன்று வருஷமாகப் பாக்கி இருந்தது. அந்தோணிக்கு போன் பண்ணினேன்.

அந்தோணி நாகர்கோவில்காரன். ரிச்சர்ட்சனில் எனக்கு அடுத்த தடுப்பில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். 1996-ல் அவன், நான், மூர்த்தி, சேகர் நாலு பேரும் கார்லண்டில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், ஆளுக்கொரு படிவம் நிரப்பி, எம்-96 என்ற ஸ்வீடன் துப்பாக்கியை ஆளுக்கொன்று வாங்கினோம். ஸ்வீடன் சண்டைக்குப் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஆகையால் அவர்கள் ராணுவம் கழித்துப்போடும் துப்பாக்கி, சீர்வரிசையில் வந்து பரணிலேயே இருந்துவிட்ட பாத்திரம் மாதிரி இருக்கும். சண்டையே போடாத துப்பாக்கி, சண்டையே போடத் தெரியாத நாலு எஞ்சினியர்கள். ஜாதகம் பொருந்திவிட்டது.

பொருத்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் துப்பாக்கிகளில் குழல், பூண், பின்தகடு என்று ஏறக்குறைய எல்லா உறுப்பிலும் அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் சேகரிப்பவர்களுக்கு அது பத்தினி. ஒன்று மாறினாலும் பேச்சுதான். என்னுடையது 382. அந்தோணியுடையது 617.

அந்த வருஷம் எங்கள் அபார்ட்மென்டில் ஆயுத பூஜை. நிஜமான ஆயுதம் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரையும் கால்குலேட்டரையும் வைத்துக் கும்பிடுவானேன் என்று நாலு துப்பாக்கியையும் சுவரோரம் சாத்தினோம். ராஜி ஒரு நிபந்தனை போட்டாள்: குழந்தைகள் வந்துபோகிற இடம், போல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளி அடைத்து நிற்கும் எஃகு உருளை. நான் தொடக்கத்தில் சொன்ன துண்டு அதுதான். அதில்லாமல் துப்பாக்கி வெறும் கழி. நாலையும் கழற்றித் தாம்பாளத்தில் அடுக்கினோம். தாம்பாளத்தில் வைத்ததைப் பார்த்தால் ராஜியின் கை சும்மா இருக்குமா? நாலுக்கும் தாராளமாகச் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். சரியாக எண் பொறித்திருக்கும் இடத்தில். மறுநாள் விஜயதசமி. சுண்டல் வாங்குகிற மாதிரி ஆளுக்கொன்று கையில் வந்ததை எடுத்து, கண்ணில் ஒற்றி, துப்பாக்கிக்குள் தள்ளிக்கொண்டு போனோம். கத்தோலிக்கனான அந்தோணியும் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டான்.

நாலு மாதம் கழித்துச் சந்தனம் உதிர்ந்தபோதுதான் தெரிந்தது. மூர்த்திக்கும் சேகருக்கும் அவரவருடையதே போயிருந்தது. எனக்கு அந்தோணியின் போல்ட், அவனுக்கு என்னுடையது. ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி அளவு பார்த்தோம். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன, சுடலாம் என்றார். "மாத்திக்கிடலாம் மக்கா, எங்க ஓடிரப் போவுது?" என்றான் அந்தோணி. அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை என்று தள்ளித் தள்ளி ஒரு வருஷம் சுடுதளத்திலேயே கழித்தோம்.

1998 பிப்ரவரியில், சுட்டு முடித்துக் காரில் சாய்ந்து நின்றபோது அவன் சொன்னான். ஆட்குறைப்புப் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை ரீனாவுக்கு ஞானஸ்நானம். மனைவி ஸ்டெல்லாவின் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்து திங்கட்கிழமை ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றான். நான் அவன் தோளில் தட்டினேன். யாரிடமும் சொல்லவும் இல்லை, ஒரே ஒரு ஆன்ட்டியைத் தவிர. அன்று சாயந்திரம் ஒரு பிறந்தநாள் விழாவில் அவர் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது, எனக்கோ பேச ஒன்றும் இல்லை. ஞாயிறு கோயில் வாசலில் யாரோ ஒரு நல்ல மனுஷி, வெள்ளை உடையில் குழந்தையை வைத்திருந்த ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து, "கவலைப்படாதம்மா, வேற வேலை கெடைக்காமலா போயிடும்?" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா அந்த வாரமே குழந்தையோடு நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்தோணி ஹூஸ்டன் பக்கம் எண்ணெய்க் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை.

போனில் போல்ட் சமாசாரத்தை மட்டும் சொன்னேன். அளவு தேய்ந்திருக்கலாம், ஆபத்து என்று ஒரு பொய்யும் சேர்த்தேன். "சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்றான். வாங்க! ஆறு வருஷம் "லேய்" என்று கூப்பிட்டவன்.

இனி பயணம். காலை 4:50-க்குக் கிளம்பினேன். துப்பாக்கி காலியாக, பெட்டியில், டிக்கியில். தோட்டாக்கள் தனி டப்பாவில். அந்தோணி வீட்டுக்கென்று ராஜி கொடுத்த புளியோதரை எவர்சில்வர் டப்பா முன்சீட்டில் என் பக்கத்தில். ஐ-45 நெடுஞ்சாலை தெற்கே நேர்கோடு. 70 மைல் வேகத்தில் வைத்துவிட்டு அழலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். 7 மணிக்கு பஃபலோ என்ற ஊரில் நிறுத்தினேன். காபி 89 சென்ட், சுடுதண்ணீர் இலவசம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டிக்கியைத் திறந்தபோது பக்கத்து பிக்கப் வண்டியிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, என்ன துப்பாக்கி என்றார். ஸ்வீடிஷ் மவுசர் என்றேன். மனுஷர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எண்கள் பொருந்துமா என்றார். போல்ட் மட்டும் நண்பனிடம், அதற்குத்தான் போகிறேன் என்றேன். "அப்படியானால் நல்ல நண்பன். நானாக இருந்தால் திருப்பித் தரவே மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். ஹண்ட்ஸ்வில்லைத் தாண்டும்வரை அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஹூஸ்டனுக்குள் 59-ஆம் நெடுஞ்சாலைக்கு மாறும் இடத்தில் இருபது நிமிஷம் நெரிசல். 9:55-க்கு வாசலில் நின்றேன். அந்தோணி கதவைத் திறந்தான். முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. "வாங்க. டிராபிக் இருந்துச்சா?" என்றான். ரீனா அவன் காலைக் கட்டிக்கொண்டு, "டாடி, ஹூ இஸ் திஸ் அங்கிள்?" என்றாள்.

"அப்பாகூட பழைய ஆபீஸ்ல வேலை பாத்தவங்க."

அது பொய்யும் இல்லை.

ஸ்டெல்லா புளியோதரை டப்பாவை வாங்கிக்கொண்டு போய்க் காபி கொண்டு வந்தாள். அந்தோணி துப்பாக்கியை எடுக்க மாடிக்குப் போனதும், "ராஜி அக்கா நல்லா இருக்காங்களாண்ணா? வேலை போயிட்டுன்னு கேள்விப்பட்டோம்" என்றாள். என் செய்தியும் ஊரைச் சுற்றி 268 மைல் வந்திருக்கிறது. யார் கொண்டுவந்தார்களோ, பாவம், அவர்களுக்கும் பேச ஒன்றும் இருந்திருக்காது. நான் மன்னிப்பை ஆரம்பித்தேன். அவள் கையசைத்தாள்.

"எனக்கு உங்கமேல கோவமே இல்லண்ணா. எங்கிட்ட மறைச்சது ரீனா அப்பாதானே? ஊருக்கே தெரிஞ்சு எனக்குத் தெரியலன்னுதான் நான் போனேன். அதை அவங்களால தாங்க முடியல. விட்டுருங்கன்னு நான் எத்தன தடவ சொல்லியாச்சு. நான் சொன்னா சரியாவுமா?"

சுடுதளம் மேற்கே இருபத்திரண்டு மைல். ஆளுக்குப் பன்னிரண்டு டாலர், நாள் முழுக்க. அவன் காரில் அவன், என் காரில் நான். அங்கே இருந்த மெக்கானிக் இரண்டு துப்பாக்கியையும் அளவுகோல் போட்டுப் பார்த்தார். "இப்படியே சரியாகத்தான் இருக்கிறது. மாற்றாமலே இன்னும் நூறு வருஷம் சுடலாம்" என்றார். என் பொய் மேசைமேல் அப்படியே கிடந்தது.

"வந்துட்டீங்க, மாத்திருவோம்" என்றான் அந்தோணி. தன் துப்பாக்கியிலிருந்து 382-ஐ உருவி, மெல்லிசாக எண்ணெய் தடவி, புதுத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினான். நானும் 617-ஐக் கொடுத்தேன். இரண்டு நாட்டுத் தூதர்கள் கைதிகளை மாற்றிக்கொள்வது போல. மெக்கானிக் புதிய ஜோடிகளையும் அளந்து தலையாட்டினார்.

ஏழாம் மேடையில் அவன், எட்டாம் மேடையில் நான். காதடைப்பான் மாட்டினோம். எம்-96-ன் காட்சிக்குறி குறைந்தபட்சமே முந்நூறு மீட்டருக்கு வைத்தது; நூறு கஜத்தில் குண்டு மேலே போகும், கீழே குறி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தவன் அந்தோணிதான். நான் மறந்துபோய் ஐந்தும் தாளுக்கு மேலே விட்டேன். பழைய அந்தோணியாக இருந்தால், "லேய், கொக்கையா சுடுத?" என்றிருப்பான். இவன் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் இருந்தன.

எனக்கு நேருக்கு நேர் பேசத் தைரியம் கிடையாது என்று தெரியும். ஆகவே இரண்டு பேர் காதும் அடைத்திருக்கும்போது, அவன் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், முன்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்துச் சொன்னேன். தப்புதான், அந்தோணி. அன்றைக்கு என் நாக்கைச் சுட்டிருக்க வேண்டும். ஸ்டெல்லா அழுததும் நீ ஐந்து மாதம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டதும் எல்லாம் என்னால். மன்னிச்சுடு. ஒரு நிமிஷம் பேசியிருப்பேன். என் வாழ்க்கையில் யார் காதிலும் விழாமல் நான் பேசிய ஒரே பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"சீஸ் ஃபயர்" கூவினார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்னால் வந்தோம். அந்தோணி காதடைப்பானைக் கழுத்துக்கு இறக்கினான்.

"கேட்டுச்சு" என்றான்.

நான் வாயைத் திறந்தேன்.

"யாருகிட்ட சொன்னீங்கன்னு நான் கேக்கல. ஏன் சொன்னீங்கன்னுதான் மூணு வருஷம் யோசிச்சேன். எம்மேல பொறாமையா, கோவமா? ஏதாவது இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். ஒண்ணுமே இல்ல, பாத்துக்கிடுங்க. பேச்சுக்கு ஒரு விஷயம் வேணும். அம்புட்டுதான்."

வழி நெடுக நான் ஐந்து காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் அந்த இடத்தில் பொருந்தவில்லை. அவன் சொன்னதுதான் சரி.

வண்டியருகே எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தான். சுடுதளத்துக்குக் கிளம்பும்போதே ஸ்டெல்லா புளியோதரையை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைக் கழுவி, வெறும் டப்பா தரக்கூடாதென்று நேந்திரம் சிப்ஸ் நிரப்பி அவனிடம் தந்திருந்தாள். திரும்ப வாங்க வரவேண்டிய பாத்திரமும் இல்லாமல் ஆயிற்று. "பாத்து போங்க" என்றான். கை கொடுத்தான். அந்தக் கையில் கோபம்கூட இல்லை.

1:30-க்கு ஹில்கிராஃப்டில் நம் ஊர் ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டேன். தட்டுச் சாப்பாடு ஆறு டாலர் தொண்ணூற்றைந்து சென்ட், ரசம் பரவாயில்லை. பக்கத்து மேசையில் ரிச்சர்ட்சனிலிருந்து மாறி வந்த பழைய தமிழ்ச் சங்கத்து அங்கிள். "அந்தோணி இங்கதானே இருக்கார்? அவருக்கும் வைஃபுக்கும் இப்ப ஓகேவா?" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்தார். கண்ணில் அந்த வெளிச்சம். எனக்கு அதை நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். "தெரியாதுங்க" என்றேன். ஏமாந்து சாம்பாருக்குத் திரும்பிவிட்டார்.

2:20-க்குக் கிளம்பி, கோர்சிகானாவில் பெட்ரோலுக்கு ஒருமுறை நிறுத்தி, 6:45-க்கு வீடு. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 59-ஐச் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் தாண்டிவிடுங்கள். பஃபலோ காபியைத் தவிர்க்கவும். கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடுமுன் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்; என்னைக் கேட்காதீர்கள். சுடுதளத்தில் கண்ணாடியும் காதடைப்பானும் வாடகைக்கு மூன்று டாலர், ஆனால் பேச்சு கேட்கும்.

நண்பனிடம் உங்கள் போல்ட் இருந்தால், அளவு சரியாகவும் இருந்தால், வாங்கப் போகாதீர்கள். அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ராத்திரி நான் துப்பாக்கியைப் பிரித்து எல்லா உறுப்பையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். 382, 382, 382. சேகரிப்பவன் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தோணியைக் கூப்பிடவும் இனி ஒரு காரணமும் இல்லை.