எந்த ஓட்டம் செல்லும்?

போன வாரம் மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். வழக்கு – இரண்டு புரொப்பெல்லர்கள்.

பணியில் இருந்தவரை எஞ்சின் சோதனைக்கூடத்தில் எனக்கு ஒரே வேலை. எந்தச் சோதனை முடிவை ஒப்பீட்டில் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்று சொல்வது. யாருக்கும் பிடிக்காத ஆளாவதற்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா?

ஓய்வுக்குப் பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்று திண்டிவனம் வந்தேன். லேத் பட்டறை வேலு விடவில்லை. ஃபைபர் போட்டுக்கு அவரே ஒரு புரொப்பெல்லர் செய்திருக்கிறார். டீசல் குறைவாகக் குடிக்கிறது என்று நிரூபித்தால் குப்பமே வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால்?

"பட்டறைய வித்துட்டு மெட்ராஸுக்கு வேலைக்குப் போவ வேண்டியதுதான் சார்."

எதிர்த்தரப்பு, தன் கம்பெனி புரொப்பெல்லரை விற்கப் புதுச்சேரியிலிருந்து வந்த ஏஜென்ட். குப்பத்து மீனவர் ஏழுமலையின் போட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். வேலுவுடையதன் முதல் ஓட்டத்தில் டீசல் மிச்சம் – ஆனால், பின்காற்று. இரண்டாவதில் டீசல் எக்கச்சக்கம் – ஆனால், படகு நிறைய மீன்!

"சோதனைக்குப் போன இடத்துல வலை எதுக்குய்யா போட்ட?" என்றேன்.

"மத்தி கூட்டமா துள்ளிக்கினு போவுது. வேடிக்கை பார்த்துக்கினு வரச் சொல்றீங்களா சார்?" என்றார் ஏழுமலை.

முதலாவதை மட்டும் சேர்க்கச் சொன்னார் வேலு. இரண்டாவதை மட்டும் சேர்க்கச் சொன்னார் ஏஜென்ட். நான் இரண்டையுமே செல்லாது என்று அடித்தேன்.

"உங்கள நம்பித்தானே சார் கூப்டேன்... இப்படிப் பேஜாரு பண்றீங்களே" என்றார் வேலு.

சோதனையின் குறைகள் தோற்றவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஜெயித்தவருக்கு எல்லாச் சோதனையும் கச்சிதம். முனைவர் பட்டம் வாங்கியவர்களிடமும் இதைத்தான் பார்த்தேன்.

மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒவ்வொன்றும் இரண்டு ஓட்டம். ஒன்று செல்லாமல் போனாலும் தீர்ப்பு கிடையாது. காற்று அடங்கிய நேரம், ஒரே தூரம், ஒரே எடை... எடைக்கு மணல் மூட்டை.

"மண்ணா? கடலுக்குப் போற போட்டுல மண்ணு ஏத்தக் கூடாது சார். ஆவாது" என்று ஏழுமலை மறித்தார்.

"வேற எதை ஏத்துவ?"

"நீங்க மூணு பேரும் ஏறுங்க. கரையில சும்மாத்தானே சண்டை போட்டுக்கினு இருக்கீங்க."

ஏறினோம். அரசாங்கச் செலவில் எத்தனையோ எடைக்கற்களை வாங்கியிருக்கிறேன். நானே எடைக்கல்லானது இதுதான் முதல் முறை.

முதல் சுற்றில் வேலுவுடையது குறைவாகக் குடித்தது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. வேலு மூச்சு விட்டார். வேலுவுடையதைப் பூட்டி ஓட்டிய கடைசி ஓட்டம் முழுக்க போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே வந்த ஏஜென்ட், கரையில் இறங்கியதும் முகத்தைத் துடைத்தபடி கையைத் தூக்கினார்.

"இந்த ஓட்டம் செல்லாது சார். நான் வாந்தி எடுத்துட்டேன். எடை கொறைஞ்சிடுச்சு."

வேலுவின் முகம் வெளுத்துவிட்டது. ஆட்சேபம் நியாயமானதுதான். விதிப்படி பரிசீலித்தேன்...

'அளவுப் பிழைக்குள் அடங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.