கோணல் கிருதா

கிராப்பு வணக்கம் சொல்வது முகத்துக்கு அல்ல, தலைக்கு. “ரெண்டு சுழி இருக்கு, அதான் அடங்க மாட்டேங்குது” என்று வரவேற்பு மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் சிகிச்சை அறைக்குள் காலெடுத்து வைப்பார். முப்பது வருஷ சலூன்காரர். கிராப்பு என்பது ஊர் வைத்த பேர்; சொந்தப் பெயரைக் கேட்டால் மனைவியே கொஞ்சம் யோசிப்பாள்.

பக்கவாதம் அவர் வாயைத் தொடவில்லை. இடது கையைத்தான் பிடித்துக்கொண்டது. “வலது கை நல்லாத்தானே இருக்கு” என்று யாராவது ஆறுதல் சொன்னால் பொல்லாத கோபம் வரும். “கத்தரியைக் கழுதைகூடப் பிடிக்கும்யா. சீப்புப் பிடிக்கிற கைதான் கை!” அந்தக் கை தோளைத் தாண்டி எழும்பும்வரை கடை மச்சினன் வசம். அவனோ வருகிற தலைக்கெல்லாம் ஒரே வெட்டு வெட்டுகிறான். வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அண்ணன் தம்பி மாதிரி நடமாடுவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“என் தம்பியைத் திட்டலேன்னா இவருக்குப் பொழுது போகாது” என்பாள் மனைவி.

பிசியோதெரபி டாக்டரம்மா அவர் கண்ணில் பெரிய விஆர் கண்ணாடி ஒன்றை மாட்டுவார். உள்ளே பச்சைப் புல்வெளி. எதிரே ஒரு பயிற்சியாளர் நின்று பந்து போடுவார். இடது கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மூன்று வாரமாக ஒரு பந்தும் பிடிபடவில்லை.

“பந்தைப் பாருங்கய்யா” என்றார் டாக்டரம்மா இன்றைக்கு.

“பந்து கிடக்கட்டும்மா. இந்தாளுக்கு யாரு முடி வெட்டினது? ஒரு கிருதா காதுக்கு மேல, இன்னொண்ணு தாடையில! நானும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கிறது?”

“ஐயோ, அது பொம்மைங்க!”

“பொம்மைன்னா லட்சணமா இருக்க வேண்டாமா? யோவ், கிட்ட வாய்யா.”

பொம்மை வரவில்லை. இவரே நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வலது கையில் இல்லாத கத்தரி ‘கிச் கிச்’சென்று ஓட ஆரம்பித்தது. கூடவே இடது கையும், யாரும் கேட்காமலே, மடியை விட்டுக் கிளம்பி, நடுங்கி நடுங்கித் தோளைத் தாண்டியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்துவிட்டாள்.

“எங்கய்யா உன் தலை? கைக்கே சிக்க மாட்டேங்குதே!” காற்றைத் துழாவிய கை சோர்ந்து இறங்கப் பார்த்தது. மனைவி ஒரே ஓட்டமாக வந்து, குனிந்து, தன் தலையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்தாள்.

“ஆங், அப்படி நில்லு. என்னய்யா, இவ்வளவு எண்ணெய்!” என்றார் கிராப்பு. மூன்று மாதமாக மடங்காத விரல்கள் மெல்லக் கூடி, கத்தரிக்கு வழிவிட்டு அவள் காதை முன்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொண்டன.