மூலை பிரியாத பாக்கெட்

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணன் நாகல் நகரில் ஒரு ஷெட்டைப் பிடித்துத் தண்ணீர் பாக்கெட் போட்டு விற்றார். எங்கள் பங்குக் கோயில் திருவிழாதான் அவருக்குப் பெரிய ஆர்டர். ஒரு வருடம் திருவிழா முடிந்த மறுநாள் பங்குச் சாமியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். காலிப் பாக்கெட்டையாவது பொறுக்கிவிடலாம். சனம் கடித்துத் துப்பிய மூலைத் துணுக்குகளை யார் பொறுக்குவது? மைதானம் முழுக்கச் சோறு சிந்திய மாதிரி கிடந்தன. "அடுத்த வருசமும் இப்பிடிக் கெடந்தா ஆர்டர் கெடையாது தம்பி" என்று சொல்லிவிட்டார்.

வேறு ஆளாக இருந்தால் கூட்டிப் பெருக்க ரெண்டு பேரை வைத்திருப்பார். அண்ணன் பாக்கெட்டையே திருத்தக் கிளம்பினார். பொருளைச் செய்கிறவன்தான் அதன் குப்பைக்கும் பொறுப்பு என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசி எங்கள் உயிரை எடுத்தார். கடைசியில் மூலையோரம் ஒட்டுகிற பட்டையை அகலமாக்கினார். கடித்தால் ஓட்டை விழும். துணுக்கு பிரியாமல் பாக்கெட்டிலேயே தொங்கும். கடித்துப் பார்க்க வீட்டில் அகப்பட்டது நான்.

"அண்ணே, பல்லு ஆடுது."

"செத்த பொறு புள்ள. சும்மா கடி, இழுக்காத!"

என்னிடம் சொல்லலாம். திருவிழாக் கூட்டத்திடம் யார் சொல்வது? அடுத்த வருடத் திருவிழாவில் தேர் நகர்ந்ததும் பாக்கெட்டுகள் கைமாறின. சனம் வழக்கம்போலக் கடித்துவிட்டுத் தலையை வெடுக்கென்று இழுத்தது. மூலை வரவில்லை. இழுத்த வேகத்தில் கை பாக்கெட்டை அமுக்க, தண்ணீர் பக்கத்து ஆள்மேல் பீய்ச்சியடித்தது. புதுப் பட்டுச்சேலை, பாட்டுக் குழுவின் ஆர்மோனியம், சாமியாரின் வெள்ளை அங்கி எதுவும் தப்பவில்லை. "ஏலே, இது பாக்கெட்டா பீச்சாங்குழலா?" என்று ஒருவர் கத்தினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு யாரும் பாக்கெட்டைத் தொடவில்லை. எல்லாரும் அன்னதானப் பந்தலுக்குப் போய், அங்கிருந்த டிரம்மில் டம்ளரால் மொண்டு குடித்தார்கள்.

மறுநாள் சாமியார் எங்களை மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஒரு துணுக்குகூட இல்லை. அண்ணன் பெருமையாக என்னை முழங்கையால் இடித்தார்.

"மைதானம் இம்புட்டுச் சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்ல. எல்லாம் ஒன்னாலதான் தம்பி" என்று சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அடுத்த வருச ஆர்டர், சாமி?"

"அதெதுக்கு? டிரம்மும் டம்ளரும் போதுமே!"

வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"கொள்கை செயிச்சிருச்சு புள்ள" என்றார், அழுகிற குரலில்.