துணி போடாமல் ஓடிய மெஷின்

சாச்சாக் ஊரில் ராடின்காவின் குரலைக் கேட்காத காது கிடையாது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்னவள். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அத்தனையும் கம்பெனிக்காக வருந்தியது. தனக்கென்று யாரிடமும் ஒருமுறைகூட வருந்தியதில்லை. நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு 'மன்னிச்சிடு' தன் காதில் விழுந்ததில்லை என்று புருஷன் திஹோமிர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். "தப்பே பண்ணாதவ எதுக்குக் கேக்கணும்?" என்பாள் அவள். அதற்கு மேல் பேசி ஜெயித்தவர் கிடையாது.

மற்றபடி தங்கமான மனுஷி. மாடிப்படியில் யாராவது காய்கறிப் பையோடு மூச்சு வாங்கினால், கேட்காமலே பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஏறுவாள். வீட்டில் எது பழுதானாலும், ஆளைக் கூப்பிடலாமா என்று திஹோமிர் யோசிப்பதற்குள் ஸ்பேனரோடு தரையில் படுத்திருப்பாள்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் வினை வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் கிழிந்து, பாத்ரூம் முழுக்கத் தண்ணீர். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில், கட்டிய காலத்திலிருந்தே யாரும் அடைக்காத ஒரு விரற்கடை இடைவெளி. அது வழியாகக் கீழ் வீட்டு சீலிங்கில் இறங்கிவிட்டது.

கீழ் வீட்டில் இருந்தவள் பெர்சிதா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். புருஷன் போய் வெகுகாலமாகிவிட்டது. வடக்கே சுபோதித்சாவில் இருக்கும் ஒரே மகன் வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தாலே அதிகம். ராடின்காவுக்கு அவள் இருபத்திரண்டு வருஷச் சிநேகிதி. காலைக் காப்பி ஒரு நாள் மேலே என்றால் மறுநாள் கீழே.

"போன வாரம்தானே வெள்ளையடிச்சேன் ராடின்கா!" என்று அன்று அழாத குறையாக வந்து நின்றாள். மெஷினுக்கடியில் முழங்கால் வரை நனைந்து கிடந்த ராடின்காவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

"யாரு வந்து பாக்கப் போறாங்க உன் சீலிங்கை?" என்று கேட்டுவிட்டாள். அதுவும் மைக் குரலில்.

பெர்சிதா திரும்பிப் படியிறங்கிப் போனாள். அன்றோடு காப்பி நின்றது. ரப்பரை ராடின்கா மறுநாளே மாற்றிவிட்டாள். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சொன்ன வார்த்தையை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இதில் பெரிய கொடுமை ஸ்லாவா என்கிற குடும்ப விருந்து. நவம்பர் எட்டு, புனித திமித்ரி நாள், ராடின்கா வீட்டுக் குலசாமி நாள். அதற்கு யாரையும் வாய் திறந்து கூப்பிடக் கூடாது. வருகிறவர்கள் தாமாக வரவேண்டும். வந்தவர் பகையாளியே ஆனாலும் உட்காரவைத்துச் சோறு போட்டாகவேண்டும். வருஷம் தவறாமல் தானாக வந்துகொண்டிருந்த பெர்சிதா மூன்று ஸ்லாவாவுக்கு வரவில்லை. கூப்பிடவும் முடியாது, கூப்பிடாமல் அவள் வரவும் மாட்டாள்.

நாலாவது வருஷம், அக்டோபரில், கட்டட வாசல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெர்சிதாவின் வீடு விற்பனைக்கு. ஏப்ரலில் மகனோடு போய்விடுகிறாளாம்.

"போகட்டுமே, நமக்கென்ன?" என்றாள் ராடின்கா. அடுத்த இரண்டு நாள் சூப்பில் உப்பே இல்லை. திஹோமிர் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு எழுந்தான். இந்த ஸ்லாவாவுக்கும் வராவிட்டால் பெர்சிதா இனி எந்த ஸ்லாவாவுக்கும் வரப்போவதில்லை. அது ராடின்காவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

ஸ்லாவா அன்று மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. மெழுகுவர்த்தி எரிந்தது. வேகவைத்த கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் பிசைந்து குவித்த தட்டு வாசலருகே இருந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் ராடின்காவே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கொழுந்தன் வந்தான், ஞானத்தாய் வந்தாள், பழைய பஸ் டிரைவர்கள் நாலு பேர் வந்தார்கள். மணி இரண்டரை ஆனதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயை உருவி, அந்த விரற்கடை இடைவெளிக்குப் பக்கத்தில் வைத்தாள். சாமி நாளில் துணி துவைப்பது பாவம், அது அவளுக்குத் தெரியும். அதனால் துணி போடவில்லை. துணி இல்லாமல் மெஷின் ஓடினால் அது எப்படித் துவைத்ததாகும்? அதேபோல, தண்ணீர் போய்க் கூப்பிட்டால் அது எப்படித் தான் கூப்பிட்டதாகும்? திட்டுவதற்காவது பெர்சிதா ஏறி வருவாள், வந்தவளைப் பிடித்து உட்காரவைத்துவிடலாம் என்று புனித திமித்ரியோடு மனசுக்குள் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டு பட்டனை அமுக்கினாள்.

மெஷின் உறுமியதும் சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றது. திஹோமிர் கதவைத் தட்டினான்.

"ராடின்கா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஸ்லாவா அன்னைக்கு மெஷின் போடறே! ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"வாயை மூடு மனுஷா. போய் எல்லாருக்கும் பிளம் சாராயம் ஊத்து."

"ஊத்திக்கிட்டேதான் இருக்கேன். தண்ணி என் ஷூ வரைக்கும் வந்துடுச்சு."

ஒரு வாளித் தண்ணீர் போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். மெஷின் மூன்று வாளியைக் கக்கிவிட்டது. அள்ளி, துடைத்து, பிழிந்து, காதை வாசற்பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கால் மணி நேரம் போயிற்று. அரை மணி நேரம் போயிற்று. யாரும் ஏறி வரவில்லை. கடைசியில் ஈரத் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு, ஏப்ரனோடு தானே படியிறங்கினாள்.

மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது. பெர்சிதா நீல நிற நல்ல கவுனும், மார்பில் வெள்ளிப் பூவும், சீவி முடித்த தலையுமாக நின்றாள். பின்னால் பாத்ரூமில் இரண்டு பேசினும் ஒரு சூப்புப் பானையும் வரிசையாக இருந்தன. சொட்டுச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"மகன் வர்றானா?" என்றாள் ராடின்கா, வேறெதுவும் தோன்றாமல்.

"இல்ல. வருஷா வருஷம் இன்னைக்கு உடுத்திக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன். உன் வீட்டுல கிளாஸ் மோதற சத்தம் இங்க நல்லாக் கேக்கும்."

ராடின்காவின் பார்வை பாத்ரூம் பேசின்களுக்குப் போயிற்று.

"தண்ணி சுத்தமா இருக்குடி," என்றாள் பெர்சிதா. "நுரை இல்ல, சோப்பு வாசனை இல்ல. துணி போடாமத்தானே ஓட்டினே?"

"இன்னைக்குத் துவைக்கக் கூடாதே."

"அப்ப எதுக்கு ஓட்டினே?"

"உன்னைக் கூப்பிடக் கூடாதே, அதான்..."

"கூப்பிடத்தான் கூடாது. மன்னிப்புக் கேக்கக் கூடாதுன்னு எந்தப் புனிதர் சொன்னார்? அதுக்கு வருஷத்துல மிச்சம் முந்நூத்தி அறுபத்து நாலு நாள் இருந்துச்சே!"

கணக்கு டீச்சரிடம் வாய் கொடுத்து மீள முடியுமா? ராடின்கா நிமிர்ந்து நின்று, "நடந்த அசௌகரியத்துக்கு மிகவும்..." என்று ஆரம்பித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல பேசற மாதிரி பேசாதே."

நிறுத்திவிட்டாள். ஏப்ரன் நுனியைப் பிசைந்தாள். அப்புறம் வந்த குரல் இந்த ஊரில் யாரும் கேட்டறியாத குரல். அத்தனை சின்னது.

"அந்த வார்த்தை என் வாயில வந்திருக்கக் கூடாது பெர்சிதா. உனக்கு எங்க வலிக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். மன்னிச்சிடுடி."

பெர்சிதா உள்ளே போய், அலமாரியிலிருந்து காகிதம் சுற்றிய ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நட. கோதுமை தீர்ந்துடப் போகுது."

மேலே எல்லாரும் நகர்ந்து இடம் விட்டார்கள். பெர்சிதா சிலுவை போட்டு, ஒரு ஸ்பூன் கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, நேற்று எழுந்துபோனவள் போல வந்து உட்கார்ந்தாள். பஸ் டிரைவர்கள் பெரிதாகக் கிளாஸை உயர்த்தினார்கள். ராடின்கா மட்டும் மேசைக்கு வரவில்லை. திஹோமிர் தேடிக்கொண்டு போனபோது, துடைப்பத்தைப் பிடித்தபடி பாத்ரூமில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"மெஷினுக்காகவா அழறே? புதுசே வாங்கிடலாம்."

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல. நல்லா ஓடுது." மூக்கை உறிஞ்சினாள். "ஏப்ரல்ல போயிடுவா திஹோமிர். பக்கத்துல இருந்த நாலு வருஷத்தை நானே பாழாக்கிட்டேன்."

திஹோமிர் அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டான். நல்ல பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டான்.

"போ, அவ பக்கத்துல உக்காரு. தரையை நான் பாத்துக்கறேன்."