நிஜ வீடென்று நம்பிவிட்டார்கள்

அந்தக் கலை இயக்குநருக்கு நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கடுகடு'. பொருத்தமான பெயர்தான். காலையில் வரும்போதே யாரை விழுங்கலாம் என்று பார்த்துக்கொண்டுதான் வருவார். ஒரு தடவை அவருடைய செட்டை யாரோ ஒருவன் போட்டோ எடுத்துக் கொண்டுபோய் வேறொரு படத்துக்கு அப்படியே கட்டிவிட்டான். அன்றிலிருந்து அவருடைய தளத்தில் எவனும் போட்டோ எடுக்கக் கூடாது.

அவருக்கு இருந்த ஒரே ஆசை தேசிய விருது. தலை நரைக்கும் வரை காத்திருந்து, ஒரு கிடங்குக்குள் ஒட்டுப்பலகையால் பழைய மாடிவீடு ஒன்றைக் கட்டினார். சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு, குளியலறைக் கூரையில் ஈரக்கறை, நாற்காலி உரசி உரசிப் பூச்சு உதிர்ந்த சுவர். அவரிடம் தலைமைத் தச்சனாக இருந்த மச்சினன், மனைவியின் தம்பி, சொக்கிப்போய் இரண்டு போட்டோ எடுத்தான். கடுகடு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கிப் பெயின்ட் வாளிக்குள் போட்டார். அத்தனை பேர் முன்னாலும். அதற்குப் பிறகு அவன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படம் முடிந்ததும் வீட்டைப் பிரித்துப் போட்டார்கள்.

விருது யாரோ அரண்மனை கட்டியவருக்குப் போனது. கடுகடு பல்லைக் கடித்துக்கொண்டு நடுவர் ஒருவருக்குப் போன் போட்டார்.

"உங்க படத்துல கலை இயக்கம் எங்க சார் இருக்கு? நல்ல பழைய வீடாப் புடிச்சு உள்ள போய் எடுத்திருக்கீங்க."

"அது செட் சார். நான் கட்டினது."

"அப்படியா? கட்டும்போது எடுத்த போட்டோ ஏதாவது அனுப்பியிருக்கலாமே."

வீட்டுக்கு வந்து, விருதுக் குழுவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். அக்காவைப் பார்க்க வந்திருந்த மச்சினன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஆதாரம் வாளிக்குள்ள இருக்கு மாமா. தேடிப் பாருங்க."

மனைவி தம்பியை அடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அடுத்த படத்துக்குத் தேவை ஒரு சாதாரண வக்கீலின் வீடு. கடுகடு வீம்புக்கென்றே தூணுக்குத் தூண் தங்கப் பூச்சு பூசினார், கூரையில் மேகம் வரைந்தார். ஆணி அடிப்பதைக்கூடப் போட்டோ எடுக்கச் சொன்னார். வேலை என்று வந்துவிட்டால் மச்சினனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"இதுல எவன் குடியிருப்பான் மாமா?"

"எவனும் குடியிருக்க வேணாம். கமிட்டிக்காரன் கண்ணுல பட்டாப் போதும்."

"அப்ப வேற ஆளை வெச்சுக்குங்க."

உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஒழிந்தது சனியன் என்று முணுமுணுத்தாரே தவிர, கடுகடு தடுக்கவில்லை.

விருது கிடைத்தது. விழா முடிந்து நடந்த விருந்தில் அதே நடுவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"போன தடவை ஏமாந்துட்டோம் சார். இந்தத் தடவை சந்தேகமே இல்ல. பார்த்த உடனே செட்டுன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தத் தொழிலில் ஒருவனைச் செருப்பால் அடிப்பதற்குப் பதிலாகச் சொல்லும் வார்த்தை அது. நடுவருக்கு அது தெரியாது. பாராட்டிவிட்ட நிறைவில் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். கடுகடு குனிந்து பார்த்தார். கழுத்தில் பதக்கம் தொங்கியது.

"ரொம்ப நன்றி சார்" என்றார்.

யாரிடமாவது இதைச் சொல்லி வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் மச்சினன். உளிப்பையோடு போனவன் போனவன்தான்.